நாலு வளையமும் பதினைந்து நாள் பொய்யும்

"ஒண்ணும் ஆகாது மச்சி, பதினஞ்சு நாள்ல எல்லாம் யூரின்ல வெளிய போயிடும்."

ஜிம்முக்குப் போறவங்க யாரா இருந்தாலும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பீங்க. ஊசியையோ மாத்திரையையோ கையில் கொடுக்கிறவர் கூடவே கொடுக்கிற சமாதானம் இது. விழிதியூர்ல இருந்து காரைக்கால் டவுன் வரைக்கும் விடியற்காலையில் ரோட்டில் ஓடுகிற பசங்க எத்தனை பேர்! காவலர் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு, ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஆளுக்கு ஒரு கனவு. இன்னொரு பக்கம், பைனல் இயர் முடியறதுக்குள்ள கையில் சதை ஏறணும்னு நினைக்கிற நம்ம ஹாஸ்டல் கூட்டம். ரெண்டு கூட்டத்துக்கும் சொல்லப்படுவது இந்த ஒரே வாக்கியம்தான்.

என் கருத்தை நேரடியாகச் சொல்லிடறேன். அந்த வாக்கியத்தில் மூணு பொய் இருக்கு. "பதினஞ்சு நாள்" பொய். "ஒண்ணும் ஆகாது" பொய். இந்த ரெண்டையும் ஓரளவு எல்லாரும் சந்தேகப்படறோம். மூணாவது பொய்யை யாரும் கண்டுக்கறதில்லை. "வெளிய போயிடும்" என்றால் "அழிஞ்சிடும்" என்று நாமாகவே அர்த்தம் பண்ணிக்கிறோம். ஸ்டீராய்டு விஷயத்தில் அது உண்மையே இல்லை. ஏன்னு புரிஞ்சுக்க நம்ம லிவர் என்ன செய்யுதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

உடைக்க முடியாத நாலு வளையம்

டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், கார்ட்டிசால் எல்லாமே கொலஸ்ட்ராலில் இருந்து பிறந்த ஒரே குடும்பம். எல்லாத்துக்கும் நடுவில் இருப்பது கார்பன் அணுக்களால் ஆன நாலு வளையம். மூணு அறுகோணம், ஒரு ஐங்கோணம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். வளையத்தைச் சுத்தி எந்த இடத்தில் எந்த அணுக்கூட்டம் தொங்குது என்பதுதான் ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன், மன அழுத்த ஹார்மோன் என்ற வித்தியாசத்தையே தீர்மானிக்குது.

சோறு சாப்பிட்டால் ஸ்டார்ச் குளுக்கோஸாகி, கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் முடிஞ்சுடும். அதுதான் நிஜமான உடைப்பு. ஸ்டீராய்டுக்கு அந்த முடிவு கிடையாது. மனித உடம்பில் அந்த நாலு வளையத்தை உடைத்து எரிக்கிற என்சைமே இல்லை. லிவர் எவ்வளவு பெரிய கெமிக்கல் பிளான்ட்டாக இருந்தாலும் இந்த ஒரு வேலை அதால் முடியாது.

அப்போ உடம்பு என்னதான் செய்யுது? ரெண்டு வேலை.

முதல் வேலை, ஹார்மோனைச் செயலிழக்க வைப்பது. சாவியோட பல்லை அரத்தால் ராவிவிட்டால் அந்தச் சாவி பூட்டுக்குள் நுழைந்தாலும் திறக்காது இல்லையா, அது மாதிரி. முதல் வளையத்தில் இருக்கிற இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்கும். ஆக்சிஜன் இருக்கிற இடங்களில் கூட்டிக் குறைக்கும். இப்படித்தான் டெஸ்டோஸ்டிரோன், ஆண்ட்ரோஸ்டிரோன் என்றும் எட்டியோகொலனோலோன் என்றும் பலம் குறைந்த ரெண்டு பொருளாக மாறுது. கார்ட்டிசாலும் இதே மாதிரி மாறுது. ஒரு நாளைக்கு உடம்பு சுமார் 10 மில்லிகிராம் கார்ட்டிசால் சுரக்குது. அதில் மாறாமல் அப்படியே சிறுநீரில் வருவது 1 சதவீதத்துக்கும் குறைவு.

ரெண்டாவது வேலை, சீட்டு ஒட்டுவது. ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அப்படியே கிட்னிக்குப் போனால் வடிகட்டின வேகத்தில் திரும்ப ரத்தத்துக்கே வந்துடும். அதனால் லிவர் அதோட குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை உறவுக்காரனையோ, ஒரு சல்பேட்டையோ கோர்த்து அனுப்புது. இப்போ அது தண்ணீரில் கரையும். பெரும்பகுதி சிறுநீரில் போகும், கொஞ்சம் பித்தநீர் வழியாகக் குடலுக்குப் போகும். குடலில் இருக்கிற பாக்டீரியா சில சமயம் அந்தச் சீட்டைக் கிழித்துவிடும். கிழிந்தால் ஹார்மோன் மறுபடியும் ரத்தத்துக்குள் ஏறிடும். ஈஸ்ட்ரோஜன் இப்படி ஒரு சுற்று சுற்றி வருவது வழக்கமான விஷயம்.

ஆக, உடம்பு ஸ்டீராய்டை அழிக்கறதில்லை. வேஷம் மாத்தி, சீட்டு ஒட்டி, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுது. நாலு வளையமும் முழுசாகவே வெளியே போகுது.

இந்த ஏற்பாடு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே ஒரு சாட்சி இருக்கு. அதிமதுரம். தொண்டைக்கு நல்லதுன்னு பாட்டி கொடுக்கிற அதே வேர்தான். கிட்னியில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்கிற ஒரு என்சைமை அதிமதுரத்தில் இருக்கிற பொருள் தடுக்கும். அளவுக்கு மீறி நாள்கணக்கில் எடுத்தால், செயலிழக்க வைக்கிற வேலை நின்றுபோவதால் கார்ட்டிசால் கிட்னியில் ஆட்டம் போட ஆரம்பிக்கும். உப்பு தங்கும், பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். ஒரே ஒரு என்சைம் மந்தமானதுக்கே இந்த நிலைமை. அப்படி இருக்க, லிவரின் வேலையையே வேண்டுமென்று முடக்கிவைக்கிற மாத்திரைகளைப் பத்தி என்ன சொல்வது?

லிவருக்குப் போடும் முட்டுக்கட்டை

டெஸ்டோஸ்டிரோனைச் சும்மா மாத்திரையாக விழுங்கினால் பெரிசா பலன் இருக்காது. குடலில் இருந்து நேராக லிவருக்குத்தான் போகும். மேலே சொன்ன ரெண்டு வேலையையும் லிவர் அங்கேயே செய்து முடிச்சிடும். அதனால் மருந்து செய்தவர்கள் ஒரு தந்திரம் பண்ணினார்கள். பதினேழாவது கார்பனில் ஒரு மெத்தில் கூட்டத்தை மாட்டிவிட்டார்கள். லிவர் கை வைக்கிற இடம் அதுதான். அங்கே கட்டை போட்டாச்சு. மெத்தாண்டியனோன், ஸ்டானோசலால் ரெண்டும் இந்த வகை. ஜிம்மில் "டி-பால்" என்று புழங்குவது முதலாவது.

யோசிச்சுப் பாருங்க. அந்த மாத்திரை வேலை செய்வதற்கே காரணம், அது லிவரை வேலை செய்ய விடாமல் தடுப்பதுதான். "மாத்திரை நல்லா பிடிக்குது" என்பதும் "லிவர் திணறுது" என்பதும் ஒரே சங்கதி. பித்தநீர் வெளியேறாமல் தேங்கி மஞ்சள் காமாலை வருவதும், லிவருக்குள் ரத்தம் நிரம்பிய குழிகள் விழுவதும் இந்த வகை மாத்திரைகளோடு மருத்துவர்கள் பல வருஷமாகப் பார்த்துவரும் விளைவுகள். இதுக்கு மேல "லிவர் டீடாக்ஸ்" பவுடர் ஒண்ணை அதே ஆள் விற்பான். வாசலை அடைச்சவனே துடைப்பமும் விற்கிற கதை.

ஊசி வேற கணக்கு. அதில் ஹார்மோனோட ஒரு நீளமான கொழுப்பு அமிலத்தைக் கோர்த்து எண்ணெயில் கரைச்சு வச்சிருப்பாங்க. தசைக்குள் போட்டதும் அது ஒரு டேங்க் மாதிரி உட்கார்ந்துக்கும். அங்கிருந்து சொட்டு சொட்டாகத்தான் ரத்தத்துக்கு வரும். நம்ம பாஷையில் சொன்னால் இது ஒரு மாஸ் பேலன்ஸ் கணக்கு. லிவர் என்ற அவுட்லெட் எவ்வளவு பெரிசா இருந்தாலும், இன்லெட் வால்வு சொட்டிக்கிட்டே இருந்தா டேங்க் காலியாக நாள் ஆகும். "டெக்கா" என்று சொல்லப்படுகிற நான்ட்ரோலோன் டெக்கனோயேட் இப்படிப்பட்டது. ஒரு தடவை போட்ட ஊசிக்கே ஆறு மாசம் கழிச்சும் சிறுநீரில் தடயம் கிடைச்சிருக்கு. பதினஞ்சு நாளாம்!

"நான் என்ன ஒலிம்பிக்கா போறேன்? என்னை யார் டெஸ்ட் பண்ணப் போறாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெஸ்ட் இல்லாவிட்டாலும் உங்க மூளை அளந்துக்கிட்டே இருக்கு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், "சரக்கு நிறைய இருக்கு" என்று அது விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திடும். சொந்த உற்பத்தி படுத்துடும், விந்தணு எண்ணிக்கை விழும், விரை சுருங்கும். மருந்து வெளியேறின அன்னிக்கே உற்பத்தி திரும்ப ஆரம்பிக்காது. மாசக்கணக்கில் ஆகலாம். "வெளிய போயிடும்" என்று சொன்னவன் இந்த இடைவெளியைப் பத்திப் பேசமாட்டான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடணும். மருத்துவர் எழுதிக்கொடுக்கிற பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், ஆஸ்துமா இன்ஹேலர் எல்லாம் வேற ரகம், வேற வேலை. 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைச்சது டெக்ஸாமெத்தசோன்தான். இந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு யாரும் வீட்டில் பெரியவங்க சாப்பிடுற மாத்திரையைத் திடீர்னு நிறுத்திடாதீங்க. நாள்பட எடுத்த ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. நான் பேசுவது சீட்டு இல்லாமல் கைமாறுகிற சரக்கைப் பத்தி மட்டும்.

சிறுநீர் என்ற ரெஜிஸ்டர்

வளையம் உடையாமல் வெளியே வருது என்பதை அறிவியல் ரொம்ப காலத்துக்கு முன்னாடியே பயன்படுத்திக்கிட்டது. 1931-ல் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனான்ட் ஆண்ட்ரோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? போலீஸ்காரர்களின் சிறுநீரிலிருந்து. சுமார் 15,000 லிட்டர் சேகரித்து, கிடைச்சது வெறும் 15 மில்லிகிராம். 1939-ல் நோபல் பரிசு. அதே பத்தாண்டில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஈஸ்ட்ரோஜன் மருந்தைச் சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கும் வேலையும் நடந்தது. 1940-களில் விற்பனைக்கு வந்த அந்த மருந்தின் பெயரான பிரிமரின் என்பதே சினைக் குதிரையின் சிறுநீர் என்ற ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்ததுதான். உடம்பு ஹார்மோனை நிஜமாகவே உடைத்து அழித்திருந்தால் இந்த ரெண்டுமே நடந்திருக்காது.

ஊக்கமருந்து சோதனையும் இதே அடிப்படையில்தான் நிக்குது. சோதனைக்கூடம் பெரும்பாலும் தேடுவது நீங்க போட்டுக்கிட்ட மருந்தை இல்லை. உங்க லிவர் அதை மாத்தி அனுப்பின வேஷத்தை. நான்ட்ரோலோன் எடுத்தால் சிறுநீரில் 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன் வரும். அதுக்கு வைத்திருக்கும் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம். மொட்டை மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்கில் மூணு நாலு சர்க்கரைத் துகளைப் போட்டுக் கலக்கினால் வருகிற அளவு. அதையும் கண்டுபிடிச்சிடறாங்க.

நம்ம டெல்டாவின் தலைமாட்டில் இருக்கிற திருச்சியில் என்ன நடந்ததுன்னு பார்க்கலாம். முடிகண்டம் என்ற கிராமத்திலிருந்து வந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. விவசாயக் குடும்பம், முப்பது வயது, சொந்த உழைப்பு. தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த மாசமே செய்தி மாறியது. அவருடைய மாதிரிகளில் 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன் இருந்ததாக முடிவு வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். நாலு வருஷத் தடை விதிக்கப்பட்டது. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரையிலான முடிவுகள் ரத்தாகின. தங்கமும் போனது.

தேதிகளைக் கவனிங்க. மார்ச் 18 என்பது பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை சமயம். தோஹாவில் ஓடுவதற்கு ஒரு மாசத்துக்கு முன்பே எடுத்த மாதிரியிலேயே விஷயம் இருந்திருக்கு. முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். ஒரு நாடு முழுக்கக் கொண்டாடி, பிறகு அதே நாடு முழுக்க முகம் திருப்பிக்கொண்ட கொடுமையும் நடந்திருக்காது. லிவர் தன் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டது. நிர்வாகத்துக்கு வாரங்கள் போதவில்லை.

பழி யார் தலையில்?

இங்கேதான் எனக்கு நிஜமான கோபம். உலக ஊக்கமருந்து தடுப்பு விதிப்படி, உங்க உடம்பில் என்ன இருந்தாலும் அதுக்கு நீங்கதான் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பது தண்டனையைக் கொஞ்சம் குறைக்க உதவலாம், அவ்வளவுதான். விதி கடுமையாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. அப்படி இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லித் தப்பிச்சிடுவாங்க. ஆனால் அந்த விதியின் சுமையைத் தாங்குகிற அளவுக்கு நம்ம பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்காங்களா?

2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியில் இருந்த மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஷ்வினி அக்குஞ்சி மூவரும் அடுத்த வருஷமே ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் சப்ளிமென்ட்தான் காரணம் என்று வாதாடினார்கள். கடைசியில் ரெண்டு வருஷத் தடை. சப்ளிமென்ட் கதை எல்லாமே பொய்யாகத்தான் இருக்கணும் என்றும் இல்லை. 2000-2001-ல் ஜெர்மனியின் கொலோன் சோதனைக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைப் பரிசோதித்தபோது, 94-ல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைகள் இருந்தன. கிட்டத்தட்ட ஏழுக்கு ஒண்ணு. புரோட்டீன் டப்பாவை நம்பி வாங்குகிற நமக்கு இது பெரிய எச்சரிக்கை.

சோதனை முறையிலும் எல்லா உடம்பும் ஒரே மாதிரி இல்லை என்ற சிக்கல் இருக்கு. டெஸ்டோஸ்டிரோனுக்குச் சீட்டு ஒட்டுகிற முக்கியமான மரபணு ஒண்ணு சிலருக்கு இருப்பதே இல்லை. கொரியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு இல்லை, ஸ்வீடன்காரர்களில் பத்தில் ஒருவருக்கு இல்லை என்று 2006-ல் வந்த ஆய்வு சொன்னது. அந்த மரபணு இல்லாதவர்களுக்கு 500 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டும் பலர் பழைய விகிதச் சோதனையில் மாட்டவே இல்லை என்று 2008-ல் தெரிந்தது. அதனால்தான் இப்போது ஒருவரின் மாதிரியை அவருடைய பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஸ்டீராய்டு பாஸ்போர்ட் முறை 2014-ல் இருந்து நடைமுறையில் இருக்கு. மாதிரிகளைப் பத்து வருஷம் வரை உறைய வைக்கிறார்கள். 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளைப் பிற்காலத்தில் புது முறைகளால் மறுபடி பரிசோதித்தபோது நூறு பேருக்கு மேல் சிக்கினார்கள். பதினஞ்சு நாள் எங்கே, பத்து வருஷம் எங்கே!

இந்தியாவின் கணக்கு பெருமைப்படும்படி இல்லை. 2022-ல் 3,865 மாதிரிகளில் 125 சிக்கின. 2023-ல் 5,606-ல் 213. அதிகம் சோதிக்கிற நாடுகளில் நம்ம விகிதம்தான் மேலே நிற்கிறது. இதற்கு நடுவில் நம்ம தேசிய சோதனைக்கூடமே 2019 ஆகஸ்டில் அங்கீகாரம் நிறுத்தப்பட்டு, 2021 டிசம்பரில்தான் திரும்ப வாங்கியது. 2022-ல் ஊக்கமருந்து தடுப்புச் சட்டமும் வந்தாச்சு. ஆனாலும் பிடிபடுவது கடைசிப் படியில் நிற்கிற விளையாட்டு வீரர்தான். கொடுத்தவர், விற்றவர், "பதினஞ்சு நாள்" என்று சொன்னவர் யாருடைய சிறுநீரையும் யாரும் பரிசோதிப்பதில்லை.

சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஓட்டம் ஒரு வேலை. ஒரு சான்றிதழ், ஒரு அரசுப் பணி, ஒரு வீட்டுக் கடன் அடைவது எல்லாம் அந்த விநாடிக் கணக்கில் தொங்குது. அந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டுதான் பொய்யை விற்கிறார்கள். மருந்து வாங்கினவனைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவனுக்கு உண்மையைச் சொல்லாமல் விட்டதில் நமக்கும் பங்கு உண்டு.

கடைமடைக்காரன் கேட்கும் கேள்வி

இன்னும் ஒரு படி போகலாம். சிறுநீரில் போன வளையம் அப்புறம் எங்கே போகுது?

கடைமடையில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி தானா வரும். கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வரும் அரசலாறு கடலில் கலப்பது நம்ம காரைக்காலில். மேலே யார் எதை ஆற்றில் விட்டாலும் கடைசியில் வந்து சேர்வது நம்மகிட்டதான். "வெளிய போயிடுச்சு" என்று மேற்கே இருக்கிறவர் நிம்மதியாகச் சொல்லலாம். நமக்கு அது "உள்ளே வந்துடுச்சு."

நாலு வளையத்தை உடைக்க மனுஷனால் முடியாது என்று சொன்னேன். பாக்டீரியாவால் முடியும். மண்ணிலும் தண்ணீரிலும் ஸ்டீராய்டையே சாப்பாடாக வைத்து வாழ்கிற பாக்டீரியாக்கள் உண்டு. காசநோய்க் கிருமிகூட நம்ம கொலஸ்ட்ராலைத் தின்று வளரக்கூடியது. உடம்பு முடிக்காமல் விட்ட வேலையை முடிக்க வேண்டியவை இவைதான். ஆனால் அதுக்கு ஆக்சிஜன் வேணும், நேரம் வேணும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்பது இந்த ரெண்டையும் ஏற்பாடு பண்ணிக் கொடுக்கிற இடம்தான். செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில் வாய்க்கால் ஓரம் திறந்துவிட்டுப் போனால் ரெண்டுமே கிடைக்காது. கூடவே கழிவில் இருக்கிற சாதாரணப் பாக்டீரியா, லிவர் ஒட்டின சீட்டை மட்டும் கிழிச்சிடும். செயலிழந்து போன ஈஸ்ட்ரோஜன் மறுபடியும் உயிர் பெறும்.

இது கற்பனை இல்லை. 1990-களில் பிரிட்டனில் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே வாழ்ந்த ஆண் மீன்களின் விரையில் முட்டைகள் உருவாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கனடாவில் ஒரு சோதனை ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு வெறும் 5, 6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். மேலே சொன்ன ஊக்கமருந்து எல்லையைவிட முந்நூறு மடங்குக்கும் குறைவான அளவு. ஒரு சின்ன மீன் இனம் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அற்றுப்போனது.

இதைச் சொன்னதும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் மேல் பழி போட ஒரு கூட்டம் கிளம்பும். அவங்களுக்கும் சொல்லிடறேன். ஆண், பெண், கர்ப்பிணி, கிழவர், மாடு எல்லாருடைய உடம்பும் தினமும் இயற்கையாகவே ஈஸ்ட்ரோஜனை வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கு. யாரும் அதைத் தவிர்க்க முடியாது. தவிர்க்க முடிந்தது ஒண்ணுதான், அதைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவது. அது பெண்களின் வேலையோ லிவரின் வேலையோ இல்லை. நகராட்சியின் வேலை, நம்ம மாதிரி இன்ஜினியர்களின் வேலை.

நாம என்ன செய்யலாம்?

பெரிய பெரிய யோசனை எதுவும் என்கிட்ட இல்லை. நம்ம கையில் இருக்கிறதை மட்டும் சொல்றேன்.

காலேஜ் ஜிம் சுவரில் தசை காட்டுகிற போஸ்டருக்குப் பக்கத்தில், லிவர் ஸ்டீராய்டை என்ன செய்யுதுன்னு ஒரு படம் ஒட்டலாம். ஒரு பக்கம் போதும். ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்குப் பரிசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம், ஒரு மருத்துவரையோ ஊக்கமருந்து தடுப்பு அமைப்பில் இருந்து ஒருவரையோ கூப்பிட்டுத் தமிழில் பேச வைக்கலாம். "தமிழில்" என்பதை அழுத்திச் சொல்றேன். தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலை ஆங்கிலத்தில் படிச்சுப் புரிஞ்சுக்க இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கே தலை சுத்துது. எட்டாவதில் இருந்து மைதானமே கதி என்று ஓடின பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்?

போட்டிக்குப் போகிறவர்கள் எந்த மாத்திரை, ஊசி, பவுடர் எடுத்தாலும் பெயர், தேதி, கொடுத்தவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைங்க. பில்லை வாங்கி வைங்க. நாளைக்கு ஏதாவது ஆனால் உங்க பக்கம் பேசுவதற்கு அந்த நோட்டு ஒண்ணுதான் இருக்கும். எழுதி வைக்க விடாமல் தடுக்கிற பயிற்சியாளர் கொடுக்கிறதை வாங்கவே வாங்காதீங்க.

என்விரான்மென்டல் சிவில், கெமிக்கல், பயோடெக் படிக்கிறவங்க பைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? நம்ம வாய்க்கால்களிலும் கழிவுநீரிலும் ஸ்டீராய்டு எவ்வளவு இருக்கு, காற்றூட்டினால் எவ்வளவு குறையுது என்று பார்க்கலாம். இன்டர்நெட்டில் இருந்து இறக்கின பழைய புராஜெக்ட்டைவிட ஊருக்கு உருப்படியாக இருக்கும்.

அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட "பதினஞ்சு நாள்ல வெளிய போயிடும்" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதுவா மாறி, எங்க போகும்?" பதில் தெரிஞ்சவன் அதை விற்கமாட்டான். விற்கிறவனுக்குப் பதில் தெரியாது.